புது வீட்டுக்கு எந்த வாட்டர் ஹீட்டர்? பூச்சு வேலைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

பாபநாசம்_புதுமனை

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழும் மேலுமாக இரண்டு தளம், மூன்று குளியலறை. சென்ட்ரிங் பிரித்தாயிற்று. அடுத்து சுவரில் காடி வெட்டி வயரிங் பைப்பும் தண்ணீர் பைப்பும் பதிக்க வருகிறார்கள். அதற்குள் வெந்நீருக்கு என்ன வழி என்று முடிவு செய்தாக வேண்டும்.

நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் சித்திரையிலும் வெந்நீர்தான். மற்றவர்களுக்கு கார்த்திகை முதல் மாசி வரை தேவைப்படும். போர் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் தெரு கடைசி, சாயங்காலமும் விடியற்காலையும் வோல்டேஜ் இறங்கிவிடும்.

கடைக்காரர் மூன்று குளியலறைக்கும் 25 லிட்டர் ஃபைவ் ஸ்டார் கீசர் போடச் சொல்கிறார். மைத்துனர் சோலார் வாட்டர் ஹீட்டர் போடு, கரண்ட் பில்லே வராது என்கிறார். கோயம்புத்தூர் நண்பர் ஹீட் பம்ப் என்கிறார். கரண்ட் குறைவாக எடுக்க வேண்டும், ரிப்பேர் என்று ஆள் தேடி அலையக் கூடாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மன்னை_மின்பணி

தம்பி, மெஷினைப் பிறகு பார்ப்போம். முதலில் எத்தனை லிட்டர், எவ்வளவு சூடு என்று பாருங்கள். வீடு வீடாக வயரிங் செய்த அனுபவத்தில் சொல்கிறேன், இதைக் கேட்காமல்தான் எல்லோரும் கடைக்குப் போகிறார்கள்.

ஒரு யூனிட் கரண்ட் 86 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடேற்றும். காயில் (சூடேறும் கம்பிச்சுருள்) போட்ட எந்த ஹீட்டரானாலும் இதுதான் கணக்கு, கம்பெனி மாறினாலும் மாறாது. நம் பக்கம் மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். ஒரு வாளி 20 லிட்டர், 15 டிகிரி ஏற வேண்டும். அதற்கு 0.35 யூனிட். ஐந்து பேருக்கு 1.75, வீணாகிற சூட்டையும் சேர்த்து நாளுக்கு 2 யூனிட்.

குளிர் நான்கு மாதத்துக்கு 240 யூனிட். மீதி எட்டு மாதம் அம்மாவுக்கு மட்டும், தண்ணீரும் அப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், மொத்தம் 100 யூனிட் வரலாம். ஆக வருஷத்துக்கு 340. யூனிட்டுக்கு 6 ரூபாய் போட்டாலும் 2,000 ரூபாய் சொச்சம். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கிற பணமே மொத்தத்தில் இவ்வளவுதான். மலைப்பிரதேசத்துக்கும் வட இந்தியாவுக்கும் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. அங்கே குழாய்த் தண்ணீர் 10 டிகிரியில் வரும். இங்கே காவேரி தண்ணீர் தையிலும் கை விறைக்காது.

ஒரே ஒரு நிபந்தனை: வாளியில் குளித்தால்தான் இந்தக் கணக்கு. நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பிள்ளைகள் எட்டு நிமிஷம் நின்றால் 64 லிட்டர், ஒரு ஆளுக்கே ஒரு யூனிட்டுக்கு மேல். ஷவர் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பாபநாசம்_புதுமனை

ரொம்ப நன்றி அண்ணே. மேல்மாடியில் மட்டும் ஷவர் வைக்கிறோம், பிள்ளைகள் கேட்டார்கள். கீழே அம்மாவுக்கு வாளிதான் சரி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிப்பார்கள்.

அப்படியானால் ஃபைவ் ஸ்டாருக்கு அதிகம் கொடுப்பது வீணா?

மன்னை_மின்பணி

வீண் இல்லை. ஆனால் அந்த ஸ்டார் எதைக் குறிக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். தொட்டி கீசரில் ஸ்டார் கொடுப்பது நின்ற நிலையில் சூடு எவ்வளவு கசிகிறது என்பதை வைத்து. வெளிச்சூட்டைவிட 45 டிகிரி அதிகமாக 24 மணி நேரம் வைத்திருந்தால் எத்தனை யூனிட் கசியும் என்று அளக்கிறார்கள். லேபிளிலேயே அந்த எண் அச்சடித்திருக்கும், ஸ்டாரை எண்ணுவதைவிட அதைப் படியுங்கள். நம் வீட்டில் காற்று 28 டிகிரி, தண்ணீர் 50 டிகிரி என்றால் வித்தியாசம் 22தான். கசிவும் பாதிக்குப் பாதி. அரை மணி நேரம் போட்டு அணைக்கிற வீட்டில் அது பில்லில் பெரிதாகத் தெரியாது. காலையில் போட்டு ராத்திரி வரை மறந்துவிடுகிற வீட்டுக்கு ஃபைவ் ஸ்டார் அவசியம்.

25 லிட்டரும் வேண்டாம். 15 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கி 25 டிகிரி தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் வரும். வெளியே எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் புகுந்துகொண்டே இருப்பதால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக ஒரு வாளி, ஒன்றரை வாளி. 2 கிலோவாட் காயிலில் அதற்கு 18 நிமிஷம். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அடுத்தவருக்கு முக்கால்வாசி சூடாகிவிடும்.

குடந்தை_கூட்டுக்குடும்பம்

அண்ணன் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் சோலாரை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மாமனார் மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லாம் சேர்ந்து இருக்கிறோம். 200 லிட்டர் சோலார். வருஷக்கணக்காக ஓடுகிறது, வெயிலை வாங்குகிற கண்ணாடி டியூப் இன்னும் ஒன்றுகூட மாற்றவில்லை.

டெல்டாவில் அடைமழை, சோலார் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொள்ளும், உண்மைதான், அந்த நாட்களில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஆனால் குளிர் கடிக்கிற மார்கழி, தையில் காலையில் பனி மூடினாலும் பத்து மணிக்கு மேல் பளீரென்று வெயில் அடிக்கிறது. சாயங்காலம் தொட்டியில் கை வைக்க முடியாத சூடு. சூடு கசியாமல் பஃப் நுரை போட்ட தொட்டி என்பதால் மறுநாள் விடியற்காலை கோலம் போடப் போவதற்கு முன் தலைக்குக் குளிக்கிறோம், அப்போதும் சூடாகவே வருகிறது. எண்ணெய்ப் பாத்திரம் கழுவ, பிள்ளை பெற்ற வீட்டில் துணி அலச, எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர். பத்துப் பேர் வீட்டில் இதை வாளிக் கணக்கில் அடக்க முடியாது.

நாங்கள் கவனமாக இருப்பது ஒரே விஷயத்தில். மத்தியான வெயிலில் தொட்டி காலியாகிவிட்டால் உடனே மோட்டார் போட மாட்டோம். காய்ந்து கொதிக்கிற கண்ணாடி டியூபில் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் வெடித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் நிரப்புவோம்.

வேதை_கரையோரம்

கூட்டுக்குடும்பம் அக்கா சொன்னது கும்பகோணத்துக்குச் சரி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்காக நானும் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னையே வேரோடு சாய்ந்தது. மாடியில் இருந்த சோலார் ஹீட்டர்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சோலாரைத் தளத்தில் சும்மா நட்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஸ்டாண்டோடு பெயர்ந்து கைப்பிடிச் சுவரில் மோதி, டியூப் ஒன்றுகூட மிச்சமில்லை. திரும்பப் போட்டபோது தளத்தின் மேலேயே கான்கிரீட் பெடஸ்டல் கட்டி, அதற்குள் ஆங்கர் போல்ட் பதித்து, அதில்தான் ஸ்டாண்டை முறுக்கினோம். காலியாக இருக்கும் தொட்டி காற்றில் சீக்கிரம் தூக்கிவிடும், அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாகத் தொட்டியை நிரப்பிவிடுகிறோம்.

அடுத்தது உப்பு. எங்கள் நிலத்தடித் தண்ணீரைத் தாமிரக் குழாய் வைத்த தட்டைச் சோலாருக்குள் நேராக விடவே கூடாது, அடைத்துக்கொள்ளும். உங்கள் பாபநாசம் தண்ணீர் அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் குழாயில் வெள்ளை படிகிறது என்கிறீர்கள், ஒருமுறை டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) கடினத்தன்மையும் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள். தட்டையை விட டியூப் வகைதான் இந்தத் தண்ணீருக்குத் தேவலை, கழற்றிக் கழுவலாம்.

மாயவரம்_பிளம்பர்

எல்லோரும் மெஷினைப் பேசுகிறீர்கள், பைப்பை யாரும் பேசவில்லை. பாபநாசம் சார், உங்களுக்கு இப்போது கையில் இருப்பதே அதுதான்.

முக்கால் இஞ்ச் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடி சோலாரிலிருந்து கீழ் குளியலறைக்கு 12 மீட்டர் என்றால் 3 லிட்டர். அம்மா குழாயைத் திறந்ததும் அந்த 3 லிட்டர் ஆறின தண்ணீர் வந்த பிறகுதான் வெந்நீர் வரும். குளித்து முடித்ததும் இன்னொரு 3 லிட்டர் வெந்நீர் பைப்பிலேயே நின்று ஆறிப்போகும். ஒரே ஆள் ஒரு வாளி குளிக்கிற வீட்டில் இது கணிசமான நஷ்டம். பத்துப் பேர் வரிசையாகக் குளிக்கிற அக்கா வீட்டில் தெரியவே தெரியாது. எனவே ஆட்கள் குறைவு, குளியலறை தூரம் என்றால் ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெந்நீர் லைனுக்குச் சிபிவிசி அல்லது அதேபோல் சூடு தாங்கும் பிபிஆர் மட்டும். சாதாரண பிவிசியைப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டினால் அது வளைந்து ஜாயின்ட் விட்டு, சுவர் ஊறின பிறகுதான் தெரியும். காடிக்குள் போகிற பைப்புக்கு நுரை உறை மாட்டச் சொல்லுங்கள், செலவு பெரிதில்லை, பூச்சுக்குப் பிறகு நினைத்தாலும் மாட்ட முடியாது.

சோலார் இன்றைக்குப் போடாவிட்டாலும் என்றைக்காவது போடுவீர்கள் என்றால், இரண்டு காரியம் இப்போதே செய்யுங்கள். மொட்டை மாடியிலிருந்து மூன்று குளியலறைக்கும் ஒரு வெந்நீர் லைன் இறக்கி முனையை மூடிவைத்துவிடுங்கள். அப்புறம், மேல்தொட்டியின் உயரம். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் தானாக இறங்கும். தொட்டிக்குச் செங்கல் கட்டு இரண்டடி மூன்றடி என்று எழுப்பிவிட்டு, பிறகு சோலார் வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். உங்கள் தொட்டிக் கட்டு இன்னும் எழும்பவில்லை என்றால் ஏழடிக்குக் குறையாமல் வையுங்கள். சோலார் தெற்குப் பார்த்து நிற்க இடம் விடுங்கள், அந்தத் தொட்டியின் நிழலே அதன் மேல் விழாதபடி.

தஞ்சை_மருத்துவக்கல்லூரிச்சாலை

ஹீட் பம்ப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இது தண்ணீரை நேரடியாகக் காய்ச்சுவதில்லை. ஏசி அறைக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதே, அதே வேலையைத் திருப்பிச் செய்து வெளிக்காற்றில் இருக்கும் சூட்டைத் தொட்டிக்குள் தள்ளுகிறது. காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவு லாபம். அதனால் நம் ஊருக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு யூனிட் கரண்ட் எடுத்து மூன்று யூனிட் அளவு சூடு தருகிறது. மழை, வெயில் கணக்கில்லை, ராத்திரியும் ஓடும். எடுக்கிற வாட்டும் குறைவு, எங்களுடையது மிக்சி, கிரைண்டர் அளவுக்குத்தான் இழுக்கிறது.

ஆனால் விலை சாதாரண கீசரைப் போலப் பல மடங்கு. மன்னை அண்ணன் கணக்குப்படி உங்கள் வருஷச் செலவே 2,000 சொச்சம் என்றால், ஹீட் பம்ப் அதில் 1,300, 1,400 மிச்சம் பிடிக்கும். போட்ட பணம் திரும்புவதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறோம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொட்டி, அதனால் கட்டுப்படியாகிறது. லாட்ஜ், திருமண மண்டபம் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் போடலாம். ஐந்து பேர் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பட்டுக்கோட்டை_தோப்பு

எங்கள் கொல்லையில் இன்னும் செப்புப் பாய்லர்தான். தென்னை மட்டையும் பன்னாடையும் கொட்டாங்குச்சியும் தோப்பில் சும்மா கிடக்கிறது. கரண்ட் இல்லாத நாளிலும் வெந்நீர் உண்டு, கஜாவுக்குப் பிறகு கரண்ட் வராமல் கிடந்த அத்தனை நாளும் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் குளித்தார்கள். கொல்லைப்புறம் திறந்த இடம் இருந்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி ஓட்டுக்கு மேலே போக வேண்டும்.

பாபநாசம்_புதுமனை

எல்லோருக்கும் நன்றி. பைப் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கே கொத்தனாரிடம் பேசி மேல்தொட்டிக் கட்டை உயர்த்தச் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். மேல்மாடியில் பெரிய தொட்டி இல்லாமல் உடனே சூடாகிற 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் போட்டால் சூடு கசியவே கசியாதே, அது நல்லதா? இன்னொன்று, பக்கத்து வீட்டில் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறார்கள். சிலிண்டரில் ஓடுகிறது, கரண்ட் கவலை இல்லை என்கிறார்கள்.

திருவாரூர்_செவிலியர்

கேஸ் கீசரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அதைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள்.

மூடிய குளியலறையில் கேஸ் எரிந்தால் பிராணவாயு குறைந்துகொண்டே போகும், கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு மணம் கிடையாது, கண் எரியாது. தலை பாரமாக இருக்கும், தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூட உடம்பில் தெம்பு இருக்காது. உள்ளே இருப்பவர் கூப்பிடவும் மாட்டார், வெளியே இருப்பவருக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சீக்கிரம் மயங்கிவிடுவார்கள். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெளிச்சுவரில், திறந்த வெளியில் மாட்டி, வெந்நீர்ப் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். உங்கள் பக்கத்து வீட்டில் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். உள்ளே இருந்தால் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மன்னை_மின்பணி

செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இன்ஸ்டன்ட் விஷயத்துக்கு வருகிறேன். 3 கிலோவாட்டில் நிமிஷத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரி ஏறும். 25 டிகிரி தண்ணீர் 39 ஆகும், ஏழு நிமிஷத்தில் வாளி நிறையும். நல்ல வோல்டேஜ் உள்ள வீட்டுக்கு நம் ஊரில் இது அருமையான சாமான். ஆனால் உங்கள் தெரு கடைசி. வோல்டேஜ் 230லிருந்து 190க்கு இறங்கினால் பவர் அந்த விகிதத்தில் குறையாது, அந்த விகிதத்தை அதாலேயே பெருக்கின அளவுக்குக் குறையும். 3 கிலோவாட் ஹீட்டர் 2 கிலோவாட்டாகிவிடும். 14 டிகிரி ஏற வேண்டியது 10 டிகிரிகூட ஏறாது. மார்கழி விடியலில், எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடுகிற நேரத்தில், 35 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுங்குவார்கள். ஷவருக்கு அந்த 3 லிட்டர் வேகம் பத்தவும் பத்தாது. தொட்டி கீசர் அப்படியில்லை, வோல்டேஜ் குறைந்தால் 18 நிமிஷத்துக்குப் பதில் 27 நிமிஷம் ஆகும், சூடு மட்டும் குறையாது. உங்கள் வீட்டுக்குத் தொட்டிதான்.

பில் விஷயத்தில் ஒன்று. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரியும். 500ஐத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறும். மார்கழி தை பில்லில் ஏசி இருக்காது, அதனால் ஹீட்டரின் 120 யூனிட் அதில் அடங்கிவிடும். ஏசி ஓடுகிற சித்திரை வைகாசியில் அம்மாவின் ஒரு வாளி மட்டும்தான். இரண்டும் ஒரே பில்லில் மோதாது, அந்த வகையில் நம் ஊர் நமக்குச் சாதகம்.

பின்னால் கூரைச் சோலார் பேனல் போடும் எண்ணம் இருக்கிறதா? 2024இல் வந்த பிரதமர் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைப் போட்டால் சோலார் வாட்டர் ஹீட்டரே தேவைப்படாது. பகலில் பேனல் கரண்டிலேயே கீசரை ஓட்டிவிடலாம், மாடியில் தண்ணீர் லைனும் வேண்டாம், உப்பும் அடைக்காது. ஒரே கூரையில் எதற்கு இடம் என்று வந்தால் நான் பேனலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

குடந்தை_கூட்டுக்குடும்பம்

அங்கே மட்டும் நான் மாறுபடுகிறேன் அண்ணே. கரண்ட் போனால் மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண நெட் மீட்டர் பேனலும் நின்றுவிடும். புயல் அடித்து லைன் அறுந்து கிடக்கிற நாளில் எங்கள் தொட்டியில் வெயில் காய்ச்சின தண்ணீர் இருந்தது. டெல்டாவில் அதை மறக்கக் கூடாது.

பாபநாசம்_புதுமனை

அக்கா சொல்வதும் நியாயம்தான். வீட்டில் பேசி இப்படி முடிவெடுத்திருக்கிறோம். கீழே அம்மாவுக்கு 15 லிட்டர், மேலே ஷவர் உள்ள குளியலறைக்கு 25 லிட்டர், மூன்றாவதுக்கு இப்போதைக்கு பாயின்ட் மட்டும். மாடியிலிருந்து லைன் இறக்கி மூடிவைக்கிறோம். மேல்தொட்டி ஏழடி.

எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள் அண்ணே. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே வயர் இழுக்கலாம் என்கிறார்.

மன்னை_மின்பணி

விடாதீர்கள். ஒவ்வொரு கீசருக்கும் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர். 2 கிலோவாட் ஹீட்டருக்கு 2.5 ஸ்கொயரே தாங்கும், ஆனால் லோ வோல்டேஜ் தெருவில் வயரிலும் கொஞ்சம் இழக்க வேண்டாம். தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்ப் இரட்டைத் துருவ சுவிட்ச். சுவிட்ச் குளியலறைக் கதவுக்கு வெளியே, சிவப்பு விளக்கோடு, அம்மா கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற உயரத்தில். போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

எர்த் குழியைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவோ கொல்லைக் குழாயடிப் பக்கமோ தோண்டச் சொல்லுங்கள். நம் களிமண் மழைக்காலத்தில் நன்றாக எர்த் கொடுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்துவிடும். எப்போதும் ஈரம் இருக்கிற இடமாக இருக்க வேண்டும்.

கீசர் வாங்கும்போது கண்ணாடிப் பூச்சுத் தொட்டியும், மெக்னீசியம் கம்பியும் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கம்பி தொட்டிக்குப் பதில் தான் அரிபடும், தீர்ந்ததும் மாற்ற வேண்டும். உங்கள் தண்ணீருக்கு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மேலே ஷவருக்கு வேண்டுமானால் 60 டிகிரி வையுங்கள், அதற்கு மேல் போனால் காயிலில் உப்பு வேகமாகக் கட்டும். அம்மா குளியலறையில் 50 போதும், கை தவறிக் குழாயைத் திறந்தாலும் வெந்துவிடாது. மாதத்தில் ஒருநாள் மட்டும் 60க்கு ஏற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழையபடி குறைத்துவிடுங்கள். தொட்டிக்குள் கிருமி தங்காது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப்பில் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். மறுநாள் அழுத்த மீட்டரின் முள் இறங்கியிருந்தால் அந்தக் காடியைத் திறந்து சரி செய்த பிறகுதான் பூச்சு. பைப் பதித்த பிறகு காடிகளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.